நாயிஃபாவின் டீசல் கேன்

அந்த வருஷம் டீசல் விலை ஏறியது என்று சொன்னால் சரியாகாது. ஏறுவதென்றால் படிப்படியாக ஏற வேண்டும். இது ஒரே தாவலில் மலையுச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, முடிந்தால் பிடி என்று எங்களைப் பார்த்தது. பெய்ரூட்டில் ஆட்சியில் இருந்தவர்கள் டீசல் மானியத்தை நிறுத்தினார்கள். அதுவரை எங்கள் நாட்டு லீராவில் விற்றுக்கொண்டிருந்த பங்க்காரன் டாலரில் விலை சொல்ல ஆரம்பித்தான். ராணுவத்தில் இருக்கும் கைஸின் ஒரு மாதச் சம்பளம் ஒரே ஒரு கேன் டீசலுக்குச் சமமாகிவிட்டது.

அந்த ஒரு கேனைத்தான் அவன் அம்மா நாயிஃபா இலையுதிர் காலத்திலேயே வாங்கிக் கொண்டுவந்தாள். கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே பழைய கம்பளத்தைப் போட்டு மூடினாள். பிறகு மருமகள் ரீமாவைக் கூப்பிட்டு, அப்போதுதான் லேசாக மேடிட்டிருந்த வயிற்றைக் காட்டி, "இது உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. உள்ள இருக்கறவனுக்கு" என்றாள்.

ரீமாவுக்குப் பிப்ரவரி கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஐன் தீனா கிராமம் ஷேக் மலையின் சரிவில் இருக்கிறது. பிப்ரவரியில் அங்கே பிறக்கும் குழந்தைக்கு முதலில் வேண்டியது பாலல்ல, சூடு. பிறந்த முதல் ஒரு வாரமாவது டீசல் கணப்பு அணையாமல் எரிய வேண்டும். கேனில் இருந்தது, சொட்டுச் சொட்டாகப் பிடித்து எரித்தால், அந்த ஒரு வாரத்துக்குத்தான் காணும். அதனால் நாயிஃபா குளிர்காலம் முழுவதும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டினால் கட்டியதுதான். கணவன் இறந்தபோது கைஸுக்குப் பால்பல்கூட விழவில்லை. ஆப்பிள் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, பழம் பொறுக்கித் தரம் பிரித்து, அந்தக் கையாலேயே அவனை ஆளாக்கினாள். கிடங்கில் எல்லோரும் அவளை மரியாதையாக உம்மு கைஸ், அதாவது கைஸின் அம்மா, என்பார்கள். முதலாளிகூட அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

அந்தக் குளிர்காலத்தில் கிடங்கின் குளிர்சாதன இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும், வேண்டிய குளிரை மலை இலவசமாகக் கொடுத்தது. ராத்திரி பழம் உறைந்துபோகக் கூடாது என்று மட்டும் கதவைச் சாத்திக் கனமான படுதாவைத் தொங்கவிட்டார்கள். நாயிஃபா இதைப் பார்த்துவிட்டு, அடுத்த பிறவியில் ஆப்பிளாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் அவளும் ரீமாவும் சமையலறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறைகளைப் பூட்டிவிட்டார்கள். பருப்பு வேகும் நேரம்தான் அவர்களுடைய கோடைகாலம். அது முடிந்ததும் இருவரும் ஒரே பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். ரீமாவின் முதுகில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டு, குழந்தை உதைப்பது தன் முதுகுக்கே தெரிகிறது என்பாள் நாயிஃபா.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதுதான் எங்கள் ஊர்.

எங்கள் ஊரில் அந்தி சாய்ந்ததும் புகைக்குழாயில் புகை வர வேண்டும். புகை வந்தால் அந்த வீட்டில் கணப்பு எரிகிறது, மேலே கெட்டில் கொதிக்கிறது, போனால் மத்தே கிடைக்கும் என்று பொருள். ஒரே சுரைக்குடுக்கையில் மத்தே இலையைப் போட்டுச் சுடுநீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலால் வட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக் குடிக்காமல் எங்களுக்குக் குளிர்காலம் கழியாது. புகை வராத வீடு என்றால் அங்கே ஏதோ இல்லை என்று பொருள். இல்லையென்று தெரிந்தால் அக்கம்பக்கம் சும்மா இராது, தன் வாயைக் கட்டியாவது கொண்டுவந்து கொட்டிவிடும். கொடுப்பதற்கு ஊரே முண்டியடிக்கும். வாங்கிக்கொள்ளத்தான் ஒருவருக்கும் கை நீளாது. வாங்குவதைவிட விறைத்துச் சாவது மேல் என்று நினைப்பவர்கள் நாங்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

எனவே நாயிஃபா தினமும் கிடங்கிலிருந்து வரும்போது, ஆப்பிள் அடுக்கி வரும் ஊதா நிறக் காகித அட்டைகளில் கிழிந்தவற்றைக் கேட்டு வாங்கி வருவாள். அந்தி நேரத்தில் கணப்பின் மூடியைத் திறந்து, அட்டைகளை லேசாக நனைத்து உள்ளே போட்டுப் பற்றவைப்பாள். உலர்ந்த அட்டை பொசுக்கென்று எரிந்துவிடும், நனைந்தது நின்று புகையும். வெளியே அருமையான புகை போகும், உள்ளே ஒரு துளி சூடு இருக்காது. ரீமா கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுவாள். யாராவது கதவைத் தட்டினால், இப்போதுதான் அணைத்தோம், ரீமாவுக்கு அசதி, படுக்கப் போகிறோம் என்று நாயிஃபா வாசலிலேயே முடித்துவிடுவாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

அவளுக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் எதிர்வீட்டின் மேல்தான். சந்துக்கு அந்தப் பக்கம் ஸுஹைலாவும் அவள் கணவர் அபூ நபீஹும் இருந்தார்கள். மகன் நபீஹ் ஆப்பிரிக்காவில் எங்கோ கடை வைத்திருந்தான். அவர்கள் புகைக்குழாயிலிருந்து கன்னங்கரேல் என்று கொழுத்த புகை வரும். அப்படிப்பட்ட புகை டீசலுக்குத்தான் வரும் என்று நாயிஃபா அடித்துச் சொன்னாள். மகன் டாலர் அனுப்புகிறான், எரிக்கிறார்கள், அவர்கள் வீட்டில் கோடை கொளுத்தும் ஆகஸ்ட் மாதம் நடக்கிறது என்பாள். ஸுஹைலாவோ சந்தில் பார்க்கும்போதெல்லாம், ஏன் மத்தே குடிக்க வருவதில்லை, எங்கள் வீட்டுச் சூடு பிடிக்கவில்லையா என்று கேட்பாள். நாயிஃபா, நீ ஏன் வருவதில்லை என்று திருப்பிக் கேட்பாள். இருவரும் போகவில்லை. முப்பது வருஷத்து அண்டைவீட்டுக்காரர்கள், ஒரு சந்து அகலத்தில், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் அந்தக் குளிர்காலத்தைப் பாதி ஓட்டினார்கள்.

ஜனவரி முடியும்போது பெரிய பனி வந்தது. விடாமல் கொட்டியது. சாலை மூடியது. கிடங்குக்குப் போக வழியில்லை. பனி நின்ற மறுநாள் காலை, கூரை பாரம் தாங்காது என்று நாயிஃபா மண்வெட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

ஏறியவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஷேக் மலை முழுக்க வெள்ளை. வானத்துக்கும் அதற்கும் நடுவே கோடு தெரியவில்லை. இந்த மலையை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். ஆனாலும் அது அன்றுதான் இறங்கி வந்து ஊரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவள் மனசுக்குள் இறைவன் பெயரைச் சொன்னாள். பிறகு கண்ணைத் தாழ்த்தி ஊரைப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

ஒரு கூரையிலும் பனி உருகவில்லை.

கணப்பு எரியும் வீட்டின் கூரையில் புகைக்குழாயைச் சுற்றிப் பனி நிற்காது. வட்டமாக உருகி, சிமெண்டுத் தரை ஈரமாகத் தெரியும். சின்ன வயதில் அந்த வட்டங்களில்தான் பூனைகள் படுத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது ஒவ்வொரு குழாயின் கழுத்துவரை பனி இறுக ஒட்டிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக் குழாயைப் பார்த்தாள், அப்படித்தான். ஸுஹைலா வீட்டுக் குழாயைப் பார்த்தாள், அப்படியேதான். சந்து முழுக்க, அதற்கப்பால் பள்ளிவரை, மேலே நீரூற்றுவரை, கூரை கூரையாகப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. நேற்று அந்தியில் இத்தனை குழாய்களிலும் புகை வந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

ஊரே அட்டையை நனைத்து எரித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உடம்பு சிலிர்த்தது. எத்தனை பேர், எத்தனை பிடிவாதம், ஒருவருக்கும் தெரியாமல் ஒருவர். திட்டுவதா கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் அபூ நபீஹின் நெஞ்சு ஞாபகம் வந்தது. அவருக்குப் பழைய நெஞ்சுச் சளி. போன வருஷம் கணப்பு எரிந்தபோதே அவர் இருமியது சந்தைத் தாண்டிக் கேட்டது. இந்த வருஷம் சத்தமே இல்லை. எண்பதைத் தொடப்போகும் மனுஷர் உருகாத கூரையின் கீழே எப்படிக் கிடக்கிறாரோ என்று நினைத்ததும் அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

ஆனால் வெறுங்கையோடும் போக முடியாது, கையில் எதையாவது தூக்கிக்கொண்டும் போக முடியாது. கொடுக்கப் போனால் ஸுஹைலா கதவைத் திறக்கமாட்டாள். திறக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. அது, நாயிஃபாவே கேட்டுப் போவது. ரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து, கதவைத் தட்டி, ஊருக்குள் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"ஸுஹைலா, எங்க வீட்ல கணப்பு எரியல. இந்தக் குளிர்காலத்துல ஒரு நாள்கூட எரியல. புள்ளத்தாச்சிப் பொண்ணு. உங்க கணப்புகிட்ட கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறோம்."

ஸுஹைலாவின் முகம் மாறியது. கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்ப எங்கள் ஊரில் யாராலும் முடியாது. உள்ளே விடவும் அவளால் முடியாது. கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து அபூ நபீஹின் குரல் வந்தது, காற்றே இல்லாத குரல்.

"உள்ள விடு ஸுஹைலா. நம்ம அரண்மனைய அவங்களும் பாக்கட்டும்."

அறைக்குள் அவரைத் தேட வேண்டியிருந்தது. ரஜாய்கள், கம்பளிகள், ஸுஹைலாவின் கோட்டு, அத்தனைக்கும் கீழே மூக்கும் உதடும் மட்டும் தெரிந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. கணப்பைத் தொட்டால் கிணற்றுக் கல்லாகச் சில்லிட்டது. அப்படியானால் அந்தக் கரும்புகை எங்கேயிருந்து வந்தது என்று நாயிஃபா கேட்டாள். ஸுஹைலா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரோட பழைய பூட்ஸு. தெனம் ஒரு துண்டு வெட்டிப் போடுவேன். டீசல் மாதிரியே வருது" என்றாள். நபீஹ் பணம் அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டதாம். அவன் கடையே போய்விட்டதாம்.

நாயிஃபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது அறையின் மூலையில் ஒரு கேனைப் பார்த்தாள். வாய்வரை நிறைந்தது. மூடியில் முத்திரை உடையவில்லை. மேலே துவைத்து மடித்த வெள்ளைத் துணி போட்டிருந்தது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை, பார்த்தாள். அபூ நபீஹே பதில் சொன்னார்.

"அது என் துக்கத்துக்கு. இந்தக் குளிர்லயே நான் போயிட்டா ஒரு வாரம் ஜனம் வந்துக்கிட்டே இருக்கும். வெளியூர்லருந்து பெரியவங்க வருவாங்க. அவங்கள விறைக்கற வீட்ல உக்கார வச்சா இவ மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவா?"

நாயிஃபாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்தில் நிறைந்த கேனை வைத்துக்கொண்டு, செத்த பிறகு வருகிறவர்களுக்கு வேண்டும் என்று இந்த மனுஷர் உயிரோடு விறைத்துக்கொண்டிருக்கிறார். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா என்று கத்தப் போனாள். ஆனால் தன் கட்டிலுக்கடியில் இருப்பது நினைவுக்கு வந்து வாய் அடைத்துவிட்டது. இங்கே சாவுக்கு ஒன்று, அங்கே பிறப்புக்கு ஒன்று. நடுவில் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை.

அந்தக் கேனைத் தொட அபூ நபீஹ் விடவில்லை. என்ன சொல்லியும் கேட்கவில்லை. நாயிஃபா ரீமாவைப் பார்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அந்த நீல உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த ரீமா, கடைசியில் மெதுவாகத் தலையசைத்தாள். நாயிஃபா வீட்டுக்குப் போய்த் தன் கேனை இழுத்துக்கொண்டு வந்தாள். உன் பேரனுடையதை நான் எரிக்கமாட்டேன் என்று கிழவர் முனகியது காதில் விழாததுபோல் கணப்பின் தொட்டியில் டீசலை ஊற்றினாள்.

"அவன் வர இன்னும் நாளிருக்கு அபூ நபீஹ். நீங்கதான் கிளம்ப அவசரப்படறீங்க" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய்க் குழாயைத் திறந்து பற்றவைத்தாள்.

அன்று பகலில் அந்தக் கூரையில் பனி வட்டமாக உருகியது. சந்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு மாடியில் நின்று பனி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே ஒருவர் வந்தார், பிறகு ஒருவர். நாயிஃபா வாசலில் நின்று, தன் வீட்டில் ஒன்றுமில்லாததால் இங்கே வந்திருப்பதாக ஒவ்வொருவரிடமும் உரக்கச் சொன்னாள். ஒருத்தி வெட்கத்தை விட்டுவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்கு லேசாகிவிட்டது. பெண் கேட்டு வருகிறவர்களுக்கென்று ஒளித்து வைத்த டீசலைக் கொண்டுவந்தார்கள். பேறுகால ஆட்டுக்கென்று சேர்த்த சாணவிரட்டியைக்கூடக் கொண்டுவந்தார்கள். ஆப்பிள் கிளை வந்தது, உடைந்த நாற்காலி வந்தது. மத்தே சுற்றி வந்தது. அபூ நபீஹ் எழுந்து உட்கார்ந்து இரும ஆரம்பித்தார். அந்த இருமலைக் கேட்டு நாயிஃபா அடைந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

ஒரு கணப்பு, ஒரு சந்து. அப்படியே பிப்ரவரி வந்தது. பனி திரும்பவும் கொட்டியது. நாயிஃபாவின் கேன் தீர்ந்தது, சந்தின் சேமிப்பும் தீர்ந்தது. பங்க்கில் டாலர் கொடுத்தாலும் இல்லை என்றார்கள், லாரி ஏறி வர வழியில்லை. ரீமாவின் நாளுக்கு முன்பாக எப்படியாவது ஒரு கேன் பிடித்துவிடலாம் என்று நாயிஃபா கணக்குப் போட்டிருந்தாள். குழந்தை அந்தக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. நாளுக்கு ரொம்ப முன்னதாகவே, ஒரு மத்தியானம், ஸுஹைலா வீட்டில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்த ரீமா பயற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குச் சாலை இல்லை. மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஹியாம் மேல்தெருவிலிருந்து பனியில் முழங்கால் புதைய நடந்து வந்தாள். வந்தவுடன் அறையைச் சுற்றிப் பார்த்து, குறைமாசப் பிள்ளை, இந்த அறை சூடாகாவிட்டால் என்னால் ஒன்றுக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றாள். சணல் சாக்கை எரிப்பதா, கதவைப் பிளப்பதா என்று நாயிஃபா ஓடினாள். எந்த நேரத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்தாளோ அந்த நேரம் வந்துவிட்டது, கை காலி. தப்புச் செய்துவிட்டேனோ என்று அவள் வாழ்க்கையில் முதன்முதலாக நினைத்தாள்.

அடுத்த அறைக்கு மாற்றப்பட்டிருந்த அபூ நபீஹ் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஸுஹைலா, அந்த வெள்ளத் துணிய எடு."

ஸுஹைலா நகரவில்லை. அவர் இல்லாத வீட்டில் வருகிறவர்களுக்கு முகம் கொடுக்கப் போவது அவள்தானே. நாயிஃபா வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உள்ளே ரீமா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மாமி என்று கூப்பிட்டாள். ஸுஹைலா துணியை எடுத்து, அதை உதறி, பிறக்கப் போகும் குழந்தைக்கென்று நாயிஃபாவின் தோளில் போட்டாள். பிறகு கணவரிடம் சொன்னாள்:

"நீங்க போறப்ப வர்றவங்க குளிர்லயே உக்காரட்டும். உங்களுக்காக அதுகூட உக்கார மாட்டாங்களா?"

முத்திரை உடைந்தது. கணப்பின் வயிறு சிவந்தது. அந்த அறையில் அன்று ஆகஸ்ட் மாதம் உண்மையாகவே நடந்தது. ஹியாம் முன்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வேலை செய்தாள். பொழுது சாயுமுன் குழந்தை வந்தது. உள்ளே இருப்பவன் உள்ளே இருப்பவன் என்று நாயிஃபா சொல்லிக்கொண்டிருந்தது, வெளியே வந்தபோது பெண்ணாக இருந்தது. கைப்பிடி அளவுதான் இருந்தது. முதலில் அழவில்லை. கணப்பின் பக்கத்தில் பிடித்துத் தேய்க்கத் தேய்க்க, சுருங்கிய முகம் மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறி, பிறகு ஒரு கத்துக் கத்தியது. நாயிஃபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் தடவை பார்த்த விஷயம்தான், குழந்தை பிறப்பது. ஆனாலும் ஒரு கேன் எண்ணெய் எரிந்து ஒரு மனுஷி வந்துவிட்டாள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அபூ நபீஹிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

மார்ச் பிறந்து பனி இன்னும் கிடக்கும்போதே அவர் போனார்.

நாயிஃபாவுக்குத் துக்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தன் பேத்தியால்தான் இந்த வீடு இன்று குளிர்கிறது. சாலை அன்றுதான் திறந்தது. பங்க்கில் கையேந்தி நின்றாள், கிடைக்கவில்லை. கிடங்கிலிருந்து அட்டைகளை வாரிக்கொண்டு வந்து கணப்பின் மூடியைத் திறந்தபோது ஸுஹைலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். நான்தான் சொன்னேன், குளிர்லயே உக்காரட்டும்னு" என்றாள். முகத்தில் உறுதி இருந்தது, பிடித்த கையை விடவில்லை.

ஆண்கள் முன்னறையில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பெண்கள் உள்ளறையில். சர்க்கரை இல்லாத காப்பிக் கெட்டிலோடு நாயிஃபா இரண்டுக்கும் நடுவில் வாசற்படியில் நின்றாள். எங்கள் ஊரில் விருந்தாளி கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தால், உன் வீடு குளிர்கிறது என்று வாயால் சொல்வதற்குச் சமம். முதலில் வந்த சந்துக்காரர்கள் கோட்டோடு நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது பக்கத்து ஊரிலிருந்து எங்கள் மதப் பெரியவரான பெரிய ஷேக் வந்தார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, உள்ளே ஆட்டுரோமம் வைத்துத் தைத்த கனத்த மேலங்கி. வயதில் அபூ நபீஹுக்கும் மூத்தவர். பனியில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. நாயிஃபா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அவர் அணைந்திருந்த கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் மேலங்கியின் பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் நேரமெடுத்தது. அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெல்லிய கறுப்புச் சட்டையோடு வந்து, கணப்புக்குப் பக்கத்தில் இருந்த மெத்தையில், சூடான இடத்தில் உட்காருகிறவரைப்போலக் காலை மடித்து உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் எல்லோரும் கழற்றினார்கள். அன்றும் மறுநாளும், அந்த வாரம் முழுக்க, நாலு ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு ஆளும் வாசலில் கோட்டைக் கழற்றினான். கோட்டுகள் மாட்ட ஆணி போதாமல் திண்டின் மேல் குவிந்தன. சீக்கிரம் எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. வெறும் சட்டையோடு உட்கார்ந்து, அவர் போனதற்கு உங்கள் நலமே ஈடாகட்டும் என்ற வழக்கமான ஆறுதலை அவர்கள் ஸுஹைலாவுக்குச் சொன்னபோது, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்தது.